காப்பி அடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்!

'காப்பி' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, காலையில் தொண்டைக்குள் இறங்கினால்தான் பொழுதே விடியும். மற்றொன்றைப் பரீட்சை ஹாலில் செய்தால் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். முதல் காப்பிக்கு இருக்கும் மரியாதை இரண்டாவது காப்பிக்குக் கிடையாது. "அவன் என்ன, காப்பி அடிக்கிறவன்தானே!" என்று சொல்லிவிட்டால் போதும், ஆசாமியின் மானம் கப்பலேறிவிடும்.

இந்த வாரம் அந்த இரண்டாவது காப்பிக்காக வக்காலத்து வாங்கப் போகிறேன். பரீட்சைக் காப்பிக்காக அல்ல, பயப்படாதீர்கள்! தைல வர்ணத்தில் சித்திரம் எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், பழைய மேதை ஒருவர் எழுதிய படத்தை எதிரே வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்களே, அந்தக் காப்பிக்காக.

சங்கீதம் கற்றுக்கொள்ளும் குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். குரு ஒரு சங்கதியைப் பாடுவார். குழந்தை அதை அப்படியே திருப்பிப் பாடும். கொஞ்சம் பிசகினாலும், "ஊஹூம், மறுபடியும்!" என்பார் குரு. பத்து வருஷம் இப்படிப் பாடிய பிறகு, "ஆகா, என்ன சுத்தமான பாடாந்தரம்!" என்று நாம் தலையை ஆட்டுகிறோம். அந்தக் குழந்தையைப் பார்த்து, "ஏனம்மா, சொந்தமாக ஒரு கீர்த்தனை கட்டக் கூடாதோ?" என்று யாரும் கேட்பதில்லை. சித்திரம் எழுதுகிறவனை மட்டும் முதல் நாளே, "சொந்தக் கற்பனை எங்கே?" என்று அதட்டுகிறோம். இது என்ன நியாயம்?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சித்திரம் பயின்றது பாடாந்தர முறையில்தான். பட்டறையில் சேர்ந்த பையன் முதலில் வர்ணம் அரைப்பான். பிறகு குருநாதரின் படங்களைப் பார்த்து எழுதுவான். கை திருந்திய பிறகுதான் குருநாதரின் படத்திலேயே ஒரு மூலையைத் தொட அவனுக்கு அனுமதி கிடைக்கும்.

பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போவானேன்? ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

* * *

ரோமாபுரியில் சாந்தா மரியா இன் வல்லிசெல்லா என்று ஒரு மாதா கோயில் இருக்கிறது. ஊர் ஜனங்கள் அதை 'புதிய கோயில்' என்று பொருள்படும்படி 'கியேசா நுவோவா' என்பார்கள். அந்தக் கோயிலில் விட்ரிசே என்ற குடும்பத்தாருக்கு ஒரு தனி பூஜை மாடம் இருந்தது. அந்த மாடத்துப் பீடத்துக்கு மேலே வைப்பதற்காக ஒரு படம் எழுதித் தரும்படி காரவாஜியோ என்ற ஓவியரிடம் கேட்டார்கள்.

காரவாஜியோ 1571-ல் பிறந்து, 38 வயதிலேயே, 1610-ல் இறந்துபோனவர். பெரிய முரடர். சண்டை, வழக்கு, சிறை எல்லாம் பார்த்தவர். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு ரோமாபுரியை விட்டே ஓடியவர். ஆனால் தூரிகையைக் கையில் எடுத்துவிட்டால் அவரைப்போல் இருட்டையும் வெளிச்சத்தையும் ஆண்டவர்கள் அபூர்வம். 'பரோக்' என்று சொல்கிறார்களே, பார்க்கிறவன் நெஞ்சைப் பிடித்து உலுக்கிவிட வேண்டும் என்று கிளம்பிய அந்தக் கலைப் பாணிக்கு ஆரம்ப கர்த்தாக்களில் அவரும் ஒருவர்.

1603, 1604-ம் வருஷங்களில் அவர் எழுதிக் கொடுத்த படம், சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுநாதரின் உடலைக் கல்லறையில் வைக்கும் காட்சி. ஏறக்குறைய 10 அடி உயரம், 6 அடி 8 அங்குல அகலம்.

படத்தில் மொத்தம் ஆறு பேர். பின்னால் மலையோ மரமோ வானமோ கிடையாது, ஒரே இருட்டு. இடப் பக்கத்து மேல் மூலையிலிருந்து வெளிச்சம் விழுகிறது. இயேசுநாதரின் உடலை இளைஞரான யோவான் தோள் பக்கமாகத் தாங்குகிறார். நிக்கொதேமு முழங்கால்களைச் சேர்த்து அணைத்தபடி குனிந்து நிற்கிறார். அவருடைய முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. முழங்கை படத்தை விட்டு வெளியே இடித்துக்கொண்டு வருவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் மூன்று பெண்கள். தாய் மரியாள், வயதான அம்மாளாக, முக்காட்டுக்குள் அடங்கிய துயரத்தோடு குனிந்து பார்க்கிறாள். மதலேன் மரியாள் கைக்குட்டையால் கண்ணீரை ஒற்றிக்கொள்கிறாள். மூன்றாமவள், கிலேயோப்பாவின் மரியாள், இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்திக் கதறுகிறாள்.

துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த மூன்று பேரையும் நன்றாகத் தெரியும். ஒருத்தி பேசவே மாட்டாள். இன்னொருத்தி மூலையில் அழுதுகொண்டிருப்பாள். வேறொருத்தி மார்பில் அடித்துக்கொண்டு அலறுவாள். 400 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் எழுதிய படத்தில் அவர்கள் மூவரும் அப்படியே நிற்கிறார்கள்.

இந்தப் படத்துக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. நெப்போலியனின் படைகள் இத்தாலிக்குள் புகுந்தபோது எத்தனையோ கலைப் பொக்கிஷங்களை அள்ளிக்கொண்டு போயின. 1797-ல் இந்தப் படமும் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1816-ல் ரோமாபுரிக்குத் திரும்பியது. ஆனால் பழைய கோயிலுக்குத் திரும்பவில்லை. போப்பாண்டவரின் வாடிகன் சித்திரசாலைக்குள் போய்விட்டது. அப்படியானால் கோயிலில் அந்த இடம் காலியாகவா இருக்கிறது? இல்லை. அங்கே ஒரு பிரதி இருக்கிறது! காரவாஜியோவின் படத்தைப் பார்த்து வேறொருவர் எழுதிய காப்பி. அந்த மாடத்தில் மண்டியிடுகிறவர்கள் அந்தக் காப்பிக்கு முன்னால்தான் மண்டியிடுகிறார்கள். அதனால் அவர்கள் பிரார்த்தனைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று யார் சொல்லத் துணிவார்கள்?

இந்தப் படத்தைப் பார்த்துக் காப்பி எழுதியவர்கள் யார் யார் தெரியுமா? பிளாண்டர்ஸ் தேசத்து ரூபன்ஸ். பிரெஞ்சுக்காரர்களான பிரகோனார், ஜெரிக்கோ, செஸான். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு மகா மேதை. இவர்களுக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

* * *

சரி, அவர்கள் எழுதினார்கள். நாம் எழுத முடியுமா? தாராளமாக முடியும். வாருங்கள், உட்காருவோம். ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. நல்ல அச்சுப் படம் ஒன்று இருந்தால் போதும். ஒன்றுக்கு இரண்டாக வெவ்வேறு இடத்தில் அச்சான படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றில் சிவப்புத் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் இருட்டு அப்பியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை எங்கோ நடுவில் இருப்பது தெரியும்.

என்னென்ன வாங்க வேண்டும்? கடைக்காரர் நாற்பது டியூபு உள்ள அழகான பெட்டியைக் காட்டி மயக்குவார். மயங்காதீர்கள். இந்தப் படத்துக்கு ஆறு வர்ணம் போதும். வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, பளிச்சென்ற ஒரு சிவப்பு, 'அம்பர்' என்ற பழுப்பு மண் வர்ணம், கறுப்பு. காரவாஜியோ பெரும்பாலும் இந்த மாதிரி மண்ணையும் கரியையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். அவர் வைத்திருந்த வெள்ளை, ஈயத்திலிருந்து செய்தது, விஷம். இன்றைக்கு டைட்டேனியம் வெள்ளை கிடைக்கிறது; அதையே வாங்குங்கள். நீலம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து ஒரு காவி நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவே நீலம் மாதிரி குளிர்ந்து நிற்கும். இதுதான் உங்கள் முதல் பாடம். வர்ணம் என்பது டியூபுக்குள் இருப்பதல்ல. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்புறம் ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்ப்பன்டைன், இரண்டு மூன்று பிரஷ், பழைய துணி. கித்தான் 30 அங்குல உயரம், 20 அங்குல அகலம் இருந்தால் மூலப் படத்தின் அளவுப் பொருத்தம் சரியாக வரும். ஆனால் எடுத்த எடுப்பில் ஆறு பேரையும் எழுதக் கிளம்ப வேண்டாம். முதலில் ஒரு சிறு கித்தானில், உயிரற்றுத் தொங்கும் அந்த வலது கையை மட்டும் எழுதுங்கள். அந்த ஒரு கை ஒரு மாதத்துக்குப் பாடம் சொல்லித் தரும்.

வெள்ளைக் கித்தானில் நேரே ஆரம்பிக்காதீர்கள். காரவாஜியோ முதலில் கித்தான் முழுவதும் பழுப்பு நிறத்தைப் பூசி உலர்த்தினார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளைத் தளத்தில் இருட்டை நாம் எழுத வேண்டும். பழுப்புத் தளத்தில் இருட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வெளிச்சத்தை மட்டும் எழுதினால் போதும். பல இடங்களில் அவர் அந்தப் பழுப்பை அப்படியே விட்டுவிட்டு, அதையே நிழலாக்கிக்கொண்டார். சமையலில் தண்ணீரே ஊற்றாமல் காய்கறியின் தண்ணீரிலேயே வேகவைக்கிற கெட்டிக்காரி மாதிரி!

உருவத்தைக் கித்தானுக்குக் கொண்டு வருவதற்குக் கட்டம் போடுவதுதான் சுலபமான வழி. அச்சுப் படத்தில் சின்னக் கட்டங்கள், கித்தானில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். 30-க்கு 20 கித்தானில் இரண்டு அங்குலக் கட்டமாகப் போட்டால் 150 கட்டம். புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இது ஒரு பொருட்டே அல்ல. எந்தக் கோடு எந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பார்க்கும் அதே கண்தான் இங்கேயும் வேண்டும்.

காரவாஜியோ இப்படிக் கட்டம் போட்டாரா என்றால், இல்லை. அவர் கைப்பட வரைந்ததென்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய பென்சில் படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆட்களை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, பூசிய தளத்தின்மேல் கூர்மையான முனையால் இங்கே ஒரு கீறல், அங்கே ஒரு கீறல் என்று அடையாளம் போட்டுக்கொண்டு எழுதினார். அந்தக் கீறல்களை அவருடைய பல படங்களில் இன்றும் பார்க்கலாம். அவர் மேதை, கீறினார். நாம் மாணாக்கர்கள், கட்டம் போடுவோம்.

இனி, அம்பர் வர்ணத்தை டர்ப்பன்டைனில் மெல்லிசாகக் கரைத்து, நிழல்களை மட்டும் பூசுங்கள். அதிகமாகிவிட்ட இடத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். மூக்கு, விரல், நகம் எதையும் நினைக்காதீர்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். சின்ன விவரமெல்லாம் மறைந்து, பெரிய வெளிச்சத் துண்டும் பெரிய இருட்டுத் துண்டும் மட்டும் தெரியும். அவை சரியாக விழுந்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது. அவை சரியாக விழாவிட்டால், ஒவ்வொரு நகத்தையும் அழகாக எழுதினாலும் கை கையாக இராது, கத்தரிக்காயாக இருக்கும்.

* * *

இந்த இடத்தில் வீட்டிலுள்ளவர்களின் பொறுமைக்கும் ஒரு சோதனை வரும். "வர்ணம் எப்பொழுது காயும்? நாற்காலியை எப்பொழுது கொடுப்பாய்?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

தைல வர்ணம் துணி காய்வதுபோல் காய்வதில்லை. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை உள்ளே இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறுகிக் கெட்டித் தோலாகிறது. போவது ஒன்றுமில்லை, வருவதுதான் உண்டு. அம்பரில் மாங்கனீஸ் சத்து இருப்பதால் அது சீக்கிரம் உலரும். கறுப்பு நாள் கணக்கில் இழுத்தடிக்கும். மழைக்காலத்தில் எல்லாமே தாமதம்தான்.

இதனால் ஒரு சட்டம் பிறந்தது. கீழ்ப் பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். மாற்றிச் செய்தால், மேல் தோல் முதலில் இறுகி, அடியிலுள்ளது பிறகு அசைந்து, படம் வெடித்துப்போகும். அவசரக்காரர்களுக்குத் தைல வர்ணம் கொடுக்கும் தண்டனை இது.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன்; இதை வேடிக்கையாக எண்ண வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டு வைக்காதீர்கள். பிராணவாயுவை இழுக்கும்போது எண்ணெய் சூடாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியை விரித்துத் திறந்த வெளியில் உலர்த்துங்கள். அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். டர்ப்பன்டைனைத் திறந்து வைத்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும். அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

அடிப்பூச்சு உலர்ந்ததும் வெளிச்சத்துக்கு வருவோம். வெள்ளையும் மஞ்சள் காவியும் துளிச் சிவப்பும் கலந்து, கெட்டியாக, தைரியமாக வையுங்கள். வெளிச்சம் கனமாக இருக்கட்டும், நிழல் மெல்லிசாக இருக்கட்டும் என்பது அந்தக் காலத்துப் பட்டறை வழக்கம். உயிர் போன உடம்பின் நிறம் எது என்று இங்கே ஒரு கேள்வி எழும். யோவானின் கைக்குப் பக்கத்தில் இயேசுநாதரின் உடம்பை வைத்துப் பாருங்கள். ஒன்றில் ரத்தம் ஓடுகிறது; மற்றொன்றில் ஓடவில்லை. வித்தியாசமோ வர்ணத் தட்டில் கத்தி முனையளவு சிவப்புதான். அந்தக் கத்தி முனையளவைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நாலு சாயங்காலம் ஆகலாம். ஆகட்டுமே! அந்த நாலு சாயங்காலத்துக்குப் பிறகு நீங்கள் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

காப்பி அடிப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. இந்தப் படத்தைச் சும்மா பார்க்கிறவர் ஒரு நிமிஷம் நின்று, "பாவம், எவ்வளவு சோகம்!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். காப்பி எழுதுகிறவர் நகர முடியாது. யோவானின் கைக்கு வந்து சேரும்போது அவர் கவனித்தே தீர வேண்டும்: அந்தக் கை உடம்பைத் தாங்கும் அவசரத்தில், விலாக் காயத்தின்மேலேயே அழுந்தியிருக்கிறது! அதைக் கண்டதும் உடம்பின் பாரம் முழுதும் திடீரென்று நமக்குப் புரிகிறது. தொங்கும் கையின் விரல்கள் கீழே கற்பலகையைத் தொடுகின்றன. கற்பலகையின் மூலை நம்மை நோக்கி நீண்டிருக்கிறது. இந்தப் படம் பூஜைப் பீடத்துக்கு மேலே இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உடலை எங்கே இறக்குகிறார்கள்? கீழே, பீடத்தை நோக்கி, நம் கைகளை நோக்கி! வாங்கிக்கொள் என்று நீட்டுவதுபோல் இருக்கிறது.

இதையெல்லாம் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் படித்துத் தெரிந்துகொண்டது நாளைக்கு மறந்துபோகும். அந்த விரல்களை மூன்று தடவை அழித்து எழுதியவருக்கு மறக்காது.

சோர்வு வரும் கட்டமும் ஒன்று உண்டு. பாதிப் படம் முடிந்த சமயத்தில், மூலப் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழுகை வரும். அப்பொழுது கித்தானைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் அநேகர். போடாதீர்கள். ஒரு கண்ணாடியை எடுத்து, அதில் உங்கள் படத்தைப் பாருங்கள். இடம் வலமாக மாறித் தெரியும்போது எங்கே கோணல் என்பது பட்டென்று கண்ணில் படும். இது லியனார்டோ டாவின்சியே தம் குறிப்புகளில் சொல்லி வைத்த யுக்தி. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பதும் நல்லது. "இது கை" என்று மனம் சொல்வதை நிறுத்திவிடும். கண் மட்டும் வேலை செய்யும்.

* * *

"இதெல்லாம் சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கற்க வேண்டியது, எங்களுக்கு ஏது?" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்கிறேன்.

பாரிஸ் நகரத்து லூவர் மாளிகை, 1793 ஆகஸ்டு 10-ந் தேதி பொது ஜனங்களுக்கான சித்திரசாலையாகத் திறக்கப்பட்டது. ஆரம்ப முதலே காப்பி எழுத வருகிற ஓவியர்களுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் அந்த நகரத்தின் புகழ்பெற்ற அரசாங்கக் கலைப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இல்லை. 1897 வரையில் கதவு சாத்தியே இருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக, சித்திரம் கற்க ஆசைப்பட்ட பெண்கள் எங்கே போனார்கள்? பலர் லூவருக்குப் போனார்கள். வர்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு பழைய படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் படத்தையே வாத்தியாராக வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்தலாம். சுவரில் தொங்கும் படம் யாருக்கும் பாடம் சொல்ல மறுப்பதில்லையே!

பெர்த் மொரிஸோ என்ற பெண்மணி அவர்களில் ஒருவர். 17 வயசில் லூவருக்குக் காப்பி எழுத வந்தார். துணைக்குத் தாயார் பக்கத்தில் இருக்க, வெரோனீஸ் என்ற பழைய ஓவியரின் சமயச் சித்திரங்களைப் பார்த்து எழுதினார். 1874-ல், பின்னால் 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று உலகப் புகழ் பெற்ற கோஷ்டி தன் முதல் கண்காட்சியை நடத்தியபோது, அதில் படம் வைத்தவர்களில் அவரும் ஒருவர். காப்பி அடித்தே கற்றவர், யாருமே அதுவரை எழுதாத விதத்தில் எழுதினார்!

அதே லூவரில் 1831-ல் ஓர் அமெரிக்கர் உட்கார்ந்திருந்தார். அங்குள்ள 38 படங்களை ஒரே பெரிய கித்தானில் குட்டி குட்டியாகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். தம் தேசத்தார் பாரிஸுக்கு வந்து பார்க்க முடியாதே, அவர்களுக்குக் காட்டுவோம் என்று ஆசை. அவர் பெயர் சாமுவேல் மோர்ஸ். ஆமாம், தந்தியில் 'கட்டுக் கடகட' என்று அடிப்பார்களே, அந்த மோர்ஸ்தான்! 1832-ல் ஊர் திரும்பும் கப்பலில்தான் தந்தியைப் பற்றிய யோசனை அவருக்கு உதித்தது.

* * *

"காப்பி எழுதுவது சரி, அதை அசல் என்று சொல்லி விற்றுவிட்டால்?" என்று ஒரு வக்கீல் வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. லூவரில் அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். காப்பியின் அளவு அசலின் அளவாக இருக்கக் கூடாது. பெரிதாகவோ சிறிதாகவோதான் இருக்க வேண்டும். கித்தானின் பின்புறத்தில் முத்திரை குத்தி அனுப்புவார்கள். நீங்களும் வீட்டில் இந்தச் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள். பின்புறத்தில், 'காரவாஜியோவைப் பார்த்து எழுதியது' என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். மாணாக்கனுக்கும் மோசடிக்காரனுக்கும் இடையே இருப்பது அந்த ஒரு வரிதான்.

கடைசியாக, ரூபன்ஸ் எழுதிய காப்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இளவயதில் இத்தாலியில் எட்டு வருஷம் இருந்தவர் அவர். காரவாஜியோவிடம் அவருக்கு இருந்த மதிப்புக்கு ஒரு கதை உண்டு. கன்னி மரியாளின் மரணத்தைக் காரவாஜியோ எழுதிய படம், கோயிலுக்குத் தகாது என்று பாதிரிமார்களால் நிராகரிக்கப்பட்டது. 1607-ல் அதை மாண்டுவா பிரபு வாங்கினார். வாங்கும்படி யோசனை சொன்னவர் ரூபன்ஸ். அந்தப் படம் இன்று லூவரில் இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட ரூபன்ஸ், ஊர் திரும்பிச் சில வருஷங்களுக்குப் பிறகு, கல்லறைப் படத்தைத் தம் கையால் எழுதினார். மரப் பலகையில், மூன்றடிக்கும் குறைவான உயரத்தில் எழுதிய அந்தப் படம் கனடா தேசத்து ஒட்டாவா நகரில் இருக்கிறது. பார்த்தவுடன் காரவாஜியோவின் படம் என்று அடையாளம் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் பார்த்தால், காரவாஜியோ இல்லை என்றும் தெரிகிறது. நிற்பவர்களின் நிலையை ரூபன்ஸ் மாற்றியிருக்கிறார். காரவாஜியோவிடம் கல்போல் உறைந்து நின்ற துயரம் ரூபன்ஸிடம் அசைகிறது. பார்த்து எழுத உட்கார்ந்தவர், தாம் எங்கே வேறுபடுகிறவர் என்பதை அந்தப் பலகையிலேயே கண்டுகொண்டார்.

உங்களுக்கும் அது நேரும். எத்தனை ஒழுங்காகக் காப்பி எழுதினாலும் ஏதோ ஓர் இடத்தில் உங்கள் கை அசலைக் கேட்காது. சிலருக்கு நிழல் இன்னும் மென்மையாக விழும். சிலருக்குத் தாயாரின் முகம், அவர்களுக்குத் தெரிந்த ஒரு முகமாக மாறிக்கொண்டு வரும். அதில் பாதி, கை பழகாத பிசகு, அதைத் திருத்துங்கள். மீதிப் பாதி உங்கள் சொந்தச் சரக்கு. அது உங்களிடம் இருப்பது, காப்பி எழுத உட்காரும் வரையில் உங்களுக்கே தெரிந்திராது.

ஆகையால், நேயர்களே, யாராவது, "என்ன, காப்பி அடிக்கிறாயா?" என்று கேட்டால் வெட்கப்படாதீர்கள். "ஆமாம், உங்களுக்கும் ஒரு தூரிகை தரட்டுமா?" என்று கேளுங்கள். படம் முடிந்த பிறகு ஆறு மாதமாவது உலரட்டும். அதற்கு முன்னால் வார்னிஷ் பூசாதீர்கள். அந்த ஆறு மாதத்தில் சும்மா இராமல், உங்கள் வீட்டுப் பாட்டியை ஜன்னல் ஓரம் உட்கார்த்தி வைத்து, இடப் பக்கத்து மேல் மூலையிலிருந்து வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொண்டு, பழுப்புத் தளத்தில் எழுத ஆரம்பியுங்கள். இந்தத் தடவை எதிரே அச்சுப் படம் வேண்டியதில்லை.